பவுலினா கைப் போணி

பவுலினாவைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே எனக்குக் கங்கப்பன் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. இத்தனைக்கும் அந்த மனுஷன் எங்களை ஒரு நாளும் எடையில் ஏமாற்றியது கிடையாது. அரிசியில் கல் கலந்தது கிடையாது. புளியில் கொட்டையைப் போட்டு நிறுத்தது கிடையாது. அப்படிப்பட்டவன் மேல் என்ன ஆத்திரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். பொறுமை எனக்குத்தான் கிடையாது, உங்களுக்காவது இருக்கட்டும்.

பவுலினாவுக்கு ஊர் எலத்தகிரி. அப்பா பெயர் சிங்கராயர், மாதா கோயிலில் மணி அடிக்கிறவர். ஓசூர்ப் பக்கம் மைக்கேல்ராஜ் என்ற லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷன், பீடி கூடக் குடிக்க மாட்டான் என்று பவுலினா சொல்வாள். ஒரு நாள் விடியற்காலையில் சேலத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பவுலினா எழுந்து புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். தொப்பூர்க் கணவாயில் லாரி உருண்டுவிட்டது. பொட்டலத்தை அவிழ்க்கக்கூட இல்லையாம்.

எழவு வீட்டிலேயே மாமியார்க்காரி ஆரம்பித்துவிட்டாள். "கடைசியா எம்புள்ள இவ கையால வாங்குன சோறுதான். இந்தக் கை வெளங்குமா?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாளாம். அன்றைக்குப் பிடித்தது. நாத்தனார் நிச்சயத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று இவள் சொம்பை எடுத்தால், மாமியார் வந்து சொம்பை வாங்கிக்கொண்டு, "நீ உள்ள போ" என்பாள். மாடு ஈன்றால் சீம்பாலை இவள் தொடக் கூடாது. இதெல்லாம் பாவம் என்று சாமியார் பூசையில் பிரசங்கம் வைப்பார். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். வெளியே வந்ததும், எதிரில் இவள் வந்தால் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் நின்றுவிடுவார்கள். அந்தச் செருப்பாலேயே நாலு போடலாம் என்று எனக்குத் தோன்றும்.

மைக்கேல்ராஜோடு வண்டி ஓட்டிய டிரைவர்கள்தான் வழி சொன்னார்கள். "அண்ணி, ஜூஜுவாடி செக்போஸ்டுல வண்டிங்க மணிக்கணக்கா நிக்குது. அங்க ஒரு சோத்துக்கட போடுங்க, நாங்க இருக்கோம்" என்றார்கள். தகரக் கொட்டகை ஒன்று போட்டு பவுலினா கடை வைத்தாள். காலையில் இட்லி, மத்தியானம் ராகிக் களியும் கொள்ளுச் சாறும், சோறும். நான் அவளோடு சேர்ந்தது அப்போதுதான். என் பெயர் ஜெபசீலி. என் வீட்டுக்காரர் அருள்ஜோசப் பெங்களூரில் மில்லில் வேலை செய்தார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். மற்ற நாளில் எனக்குக் கைக்கும் வேலையில்லை, வாய்க்கும் வேலையில்லை. பவுலினா மாதா கோயில்காரி, நான் சர்ச்சுக்குப் போகிறவள். "ஒங்க கோயில்ல மாதாவும் இல்ல, சொரூபமும் இல்ல. கஷ்டம் வந்தா யாருகிட்டடி சண்ட போடுவ?" என்று என்னைச் சீண்டுவாள். "அதான் நீ இருக்கறியே" என்பேன்.

கடையில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. மாவு ஆட்டுவது, குழம்பு வைப்பது, விறகு பிளப்பது எல்லாம் அவள் செய்வாள். ஆனால் காலையில் முதல் இலையில் முதல் இட்லியை நான்தான் வைக்க வேண்டும். "நீ புருஷனோட நல்லா இருக்கறவ. நீ வச்சாதான் சரி" என்பாள். நான் திட்டிப் பார்த்தேன், சிரித்துப் பார்த்தேன், வேதத்தை எடுத்துக் காட்டினேன். அசைய மாட்டாள்.

இப்போது கங்கப்பனுக்கு வருகிறேன்.

செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கங்கப்பன் மளிகைக் கடை. அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்தில், முனிவேல் கடை. முனிவேல் கடையில் சாமான் கொஞ்சம் மலிவு, ஆனால் ஆள் முசுடு. "வேணும்னா வாங்கு, இல்லேன்னா நட" என்பான். கங்கப்பன் அப்படி இல்லை. கடை எப்படி வைப்பது என்று யாராவது படிக்க வேண்டுமானால் அவனிடம் போயிருக்க வேண்டும். பெருங்காயம் தீர்ந்திருந்தால் 'இல்லை' என்ற வார்த்தை அவன் வாயில் வராது, "நாளைக்கு வந்துரும்" என்பான், மறுநாள் கட்டாயம் வந்திருக்கும். எந்த வீட்டில் யாருக்குச் சீக்கு, எந்த டிரைவர் எந்தப் பீடி பிடிப்பான், யாருக்குப் பச்சரிசி, யாருக்குப் புழுங்கல் என்பதெல்லாம் மனப்பாடம். எது வாங்கினாலும் ஒரு துண்டு வெல்லமோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ கொசுறு உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தை அவன் நாக்கு. வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் வாசலில் வருகிற ஆளின் முகத்தைப் பார்த்ததுமே அவர்கள் பாஷையில் வரவேற்பான். கன்னடக்காரருக்குக் கன்னடம், எங்களுக்குத் தமிழ். அவரவர் பாஷையில் அக்கா, அண்ணா, அம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். ஒரு வாடிக்கைக்காரரும் அவனுக்காகத் தன் பாஷையை மாற்றிக்கொள்ள வேண்டி வந்ததில்லை. கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் கடைசியில் இடறி விழுந்தான்.

எங்களுக்குத் தினமும் சாமான் தேவை. பவுலினா விடியும்போதே கூடையோடு கங்கப்பன் கடைக்குப் போவாள். போய்விட்டு உள்ளே ஏற மாட்டாள். தாழ்வாரத்துக்கு வெளியே ஓரமாக நிற்பாள். வேறு யாராவது வந்து எதையாவது வாங்கி, அன்றைய போணி ஆன பிறகுதான் படியில் கால் வைப்பாள். போணி என்றால் அந்த நாளின் முதல் வியாபாரம். எங்கள் எல்லையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றுக்கும் அது ஒரே சொல்தான். அந்த முதல் காசு யார் கையால் வருகிறதோ, அவர் ராசிதான் அன்று முழுவதும் கல்லாவில் உட்காரும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. இவள் காத்து நிற்பாள், இங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

ஓர் ஐப்பசியில் விடாமழை. ஒரு காக்கை குருவி வெளியே இல்லை. பவுலினா வழக்கம்போலப் போய் ஓரமாக நின்றாள். உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. கங்கப்பன் எட்டிப் பார்த்தான்.

"என்னாம்மா, மழையில நனைஞ்சிக்கினு நிக்கறீங்க? உள்ள வாங்க."

"இன்னும் போணி ஆவலீங்களேண்ணா. யாராச்சும் வரட்டும்."

"இந்த மழையில யாரு வருவா? நீங்களே பண்ணுங்க. துட்டுக்கு என்னா தெரியும் யாரு கைன்னு?"

பயந்து பயந்து இவள் காசை நீட்ட, அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டான். அன்று ஆற்றில் வெள்ளம் என்று லாரிகளையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ரோடு நெடுக வண்டி. டிரைவரும் கிளீனரும் கங்கப்பன் கடையை மொய்த்துவிட்டார்கள். பீடி, தீப்பெட்டி, பொரி, அரிசி, எண்ணெய், எல்லாம் சாயங்காலத்துக்குள் காலி. சாக்கை உதறி விரித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தான் மனுஷன்.

மறுநாள் காலையில் பவுலினா போனதும் எழுந்து நின்று சொல்லியிருக்கிறான். "பவுலினாம்மா, கட தொறந்த நாளா நான் இப்படி ஒரு யாபாரம் பாத்ததில்ல. ஒங்க கை ராசிக் கைம்மா! இனிமே தெனமும் நீங்கதான் போணி. நீங்க வராம நான் தராசத் தொட மாட்டேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் வந்த வரத்து இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "ஜெபா, என் கை ராசிக் கையாம்டி. கங்கப்பண்ணன் சொல்றாரு" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாத்து, பாத்து. கண்ணீரு ராகி மாவுல விழுவுது. அப்புறம் களிக்கு உப்பே போட வேணாம்" என்றேன். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் நான் முதல் இட்லியை எடுக்கக் கரண்டியை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்தாள். "இன்னைக்கி நான் வைக்கறேன்டி" என்றாள். வைத்தாள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து மாங்காய் லோடு கொண்டுவருகிற சென்னகிருஷ்ணன் என்ற டிரைவர்தான் அந்த இலையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் ரெண்டு வை என்று தெலுங்கில் கேட்டான். அன்றிலிருந்து முதல் இட்லி அவள் கைதான்.

அதற்குப் பிறகு பவுலினா வேறு மனுஷியாகிவிட்டாள். எலத்தகிரித் திருவிழாவுக்குப் போனால் ஓரமாக நிற்காமல் தேருக்குப் பக்கத்தில் நடந்தாள். மாமியார் வீட்டுத் தெருவிலேயே தலை நிமிர்ந்து போய்வந்தாள். "கையில என்னா இருக்குது, எல்லாம் மனசுதான்" என்று யார் கேட்டாலும் சொல்வாள், ஆனால் சொல்லும்போது கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். முனிவேல் கூட ஆள் விட்டுப் பார்த்தான், துவரம்பருப்பு குறைத்துத் தருகிறேன் என்று. "எங்கண்ணன் கடைய உட்டுட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் போகாததால் ரோட்டோரத்தில் இருந்த மற்றச் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் போகவில்லை. காய்ச்சல் அடித்தாலும் காலையில் எழுந்து போவாள். "நான் போவலேன்னா அண்ணன் தராசத் தொடாம குந்திக்கினு இருப்பாருடி" என்பாள். நானும் நம்பினேன். ஏன் நம்பக் கூடாது?

ஒன்று மட்டும் அப்போது கவனித்தோம், ஆனால் புரியவில்லை. கங்கப்பன் பெண்டாட்டி காவேரி விடியற்காலையில் எப்போது பார்த்தாலும் வாயில் வெல்லத்தை அதக்கிக்கொண்டே நிற்பாள். மசக்கையாக இருக்கும் என்று பவுலினா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையும் பிறக்கவில்லை, வெல்லமும் நிற்கவில்லை.

செக்போஸ்ட் போர்டில் மெட்ராஸ் என்பதை அழித்துத் தமிழ்நாடு என்று எழுதிய தை மாசத்தில் கங்கப்பன் ஓசூர் பஜாரில் பெரிய கடை ஒன்று எடுத்தான். இங்கே தம்பியை வைத்துவிட்டு அங்கே போகப் போவதாகச் சொன்னான். "மொத போணி ஒங்க கைதான் பவுலினாம்மா. நீங்க வந்து துட்டுக் குடுத்தாதான் அந்தக் கட தொறக்கும்" என்றான்.

பவுலினாவுக்குக் கால் தரையில் படவில்லை. புருஷன் போன பிறகு முதல் தடவையாகக் கலர்ச் சேலை எடுத்தாள், இளம்பச்சையில். கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "அதிகமா இருக்குதாடி?" என்றாள். "போதாது, இன்னும் ரெண்டு முழம் பூவும் வைடி" என்றேன். அடிக்க வந்தாள். போணிக்கான காசை ராத்திரி முழுக்க மாதா படத்துக்கு முன்னால் வைத்திருந்து, காலையில் முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று எங்கள் கடைக்கு விடுமுறை. ஓசூருக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

புதுக் கடை வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம். உள்ளே புதுத் தராசுக்குச் சந்தனம், குங்குமம், பூ. கங்கப்பன் வாசலுக்கே ஓடி வந்தான். "வாங்க வாங்க பவுலினாம்மா! ஒங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கினு இருக்கோம்" என்றான். காவேரி பட்டுச் சேலையில் நின்றாள். வாயில் வெல்லம். அவர்களுக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய கிழவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காவேரியின் மாமாவாம், ஆந்திராவில் குப்பம் என்ற ஊரிலிருந்து வந்தவர். அவர் பவுலினாவின் வெறுங்கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"ஈமெ சேத்தோ போணியா?" என்றார். இவள் கையாலா போணி?

காவேரி பவுலினாவைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, முகத்தை இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, அவருக்குத் தெலுங்கில் பதில் சொன்னாள். எனக்குத் தெலுங்கு அரைகுறை. நான் புரிந்துகொண்டது பாதிதான். மீதியைப் பவுலினாவின் முகத்தில் படித்தேன்.

காவேரி சொன்னது இதுதான். பயப்படாதீங்க மாமா, போணி விடியறதுக்கு முன்னாலேயே ஆயிடுச்சு. நான்தான் பின்வாசல் வழியா வந்து துட்டுக் குடுத்து வெல்லம் வாங்கினேன். ஜூஜுவாடியிலேயும் அப்படித்தான், ரோஜூ அந்தே. தினமும் நான் போணி பண்ணின பிறகுதான் முன் பலகையை எடுப்போம். ராசிக் கைன்னு இவளிடம் இவர் ஊரிக்கே சொல்கிறார், பெரிய வாடிக்கையாச்சே.

ஊரிக்கே. சும்மா. ஒப்புக்கு.

ஜூஜுவாடியில் உட்கார்ந்து சித்தூர் லாரி, குப்பம் லாரி என்று எத்தனை டிரைவர்களுக்குச் சோறு போட்டவள் பவுலினா. "இங்கா ரெண்டு பெட்டனா?", இன்னும் ரெண்டு வைக்கட்டுமா, என்று அவர்களை அவர்கள் பாஷையிலேயே கேட்டுப் பரிமாறுகிறவள். அவளுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கங்கப்பன் கடையில் அவள் ஒரு வார்த்தை தெலுங்கு பேச வேண்டி வந்ததே இல்லையே! அவன்தான் அவளைப் பார்த்த கணமே தமிழில் ஆரம்பித்துவிடுவானே. எங்கள் எல்லையில் ஒரு பாஷைக்குள் ரகசியத்தை ஒளிக்கலாம் என்று நினைத்தாளே அந்தக் காவேரி, அவள் மூளையை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

கங்கப்பனுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "குடுங்கம்மா, ஒங்க ராசிக் கையால" என்றான், தமிழில்.

பவுலினா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கையில் எடுத்திருந்தாள். அதை அப்படியே மூடிக்கொண்டாள்.

"நாகு தெலுகு ஒச்சு, கங்கப்பா" என்றாள். எனக்குத் தெலுங்கு வரும். அவ்வளவுதான். இத்தனை வருஷம் அண்ணா என்று சொன்ன வாய், வெறும் பெயரைச் சொன்னது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. காவேரி வெல்லத்தை விழுங்க முடியாமல் நின்றாள். கிழவர் மட்டும், சரிதான் என்கிற மாதிரி தலையாட்டினார். நான் அந்த ஆளின் தலைப்பாகையை இழுத்துப் போடப் போனேன். பவுலினா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் நான் வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பவுலினா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ரோஜூன்னா தெனமும்தான ஜெபா?"

அவளுக்குத் தெரியாத தெலுங்கா? வேறு அர்த்தம் ஏதாவது இருக்காதா என்று கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல. "ஆமாண்டி" என்றேன். பச்சைச் சேலையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே வந்தாள்.

சில நாள் கழித்துக் கங்கப்பன் எங்கள் கொட்டகைக்கு வந்தான். கையில் ஒரு பை நிறையச் சர்க்கரையும் முந்திரியும். நான் விறகுக் கட்டையைக் கீழே வைக்காமலே நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"பவுலினாம்மா, என்ன மன்னிச்சிருங்க. யாபாரம். நாலு பேரு வந்து போற எடம். ஊட்டுப் பொம்பள பயந்து அழுதா நான் என்னா பண்றது? ஒங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் சொல்லல. ஆனா மாதா மேல சத்தியமா சொல்றேன், அந்த மழ நாளு போணி நெசம். அன்னிக்கி காவேரி எழுந்திருக்கவே இல்ல. அது ஒங்க கைதான்."

பவுலினா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"அன்னிக்கி யாபாரம் எப்படி நடந்துச்சு?"

"அந்த மாதிரி என்னிக்கும் நடக்கல."

"அப்புறம் ஏன்?"

கங்கப்பன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். மூன்று பாஷையும் தெரிந்த மனுஷனுக்கு ஒரு பாஷையிலும் பதில் வரவில்லை.

"எங்கையில ராசி இருக்குதான்னு நான் வந்து ஒங்கள கேட்டனா?" என்றாள் பவுலினா. குரலை உயர்த்தவே இல்லை. "நான் பாட்டுக்கு ஓரமா நின்னுக்கினு இருந்தேன். ஒங்க எடை சரியா இருந்துச்சு, சாமான் நல்லா இருந்துச்சு, அதுக்கே நான் சாவற வரைக்கும் வந்திருப்பேனே. என்னாத்துக்கு என்ன உள்ள கூப்புட்டீங்க?"

அவன் பையை வைத்துவிட்டுப் போகப் பார்த்தான். நான்தான் ஓடிப்போய் அவன் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். கொசுறு எங்களுக்கு வேண்டாம் என்றேன். அதற்கு மேலும் சிலது சொன்னேன், அதை இங்கே சொல்ல முடியாது.

வாடிக்கையைப் பிடித்து வைக்க இனிப்பாகப் பேசு, மனசறிந்து நட என்று கடைக்காரர்களுக்குச் சொல்கிறார்கள். பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒருத்திக்கு எது உயிரோ, அதைப் பொட்டலம் கட்டிக் கொசுறாகக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு அது வெல்லத் துண்டு. அவள் அதை வைத்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறாள்.

மறுநாளிலிருந்து பவுலினா போர்டைத் தாண்டி முனிவேல் கடைக்குப் போனாள். எல்லை தாண்டி அரிசி கொண்டுவரக் கெடுபிடி என்பதால் அதை மட்டும் ஓசூர்ச் சந்தையில் வாங்கினாள். மற்றதெல்லாம் முனிவேலிடம். முதல் நாள் நானும் கூடப் போனேன். இவள் வருவதைப் பார்த்ததுமே அவன் கையைக் காட்டி, "ஸ்வல்ப இரம்மா, போணி ஆகலி" என்றான். கொஞ்சம் இரும்மா, போணி ஆகட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாடி போலாம். இவன் மூஞ்சியும் இவன் கடையும்! தராசுல கட்டைவிரலை வச்சு நிறுக்கறவன் இவன்" என்றேன்.

"இருக்கட்டும்டி" என்றாள் பவுலினா. "இவன் வாயில இருக்கறதுதான் மனசுலயும் இருக்குது. எனக்கு இது போதும்."

ரோட்டோரம் போய்க் கூடையை வைத்துவிட்டு நின்றாள். யாரோ ஒரு கிளீனர் வந்து பீடி வாங்கிய பிறகு உள்ளே போனாள். அவன் குறைத்துத்தான் நிறுத்தான். அவள் பார்த்துக்கொண்டே கூடையை நீட்டினாள். மற்றச் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் ஒவ்வொருவராக அங்கே போக ஆரம்பித்தார்கள். கங்கப்பன் தம்பி சரியான எடைக் கல்லை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினான். அதில் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஆனால் எங்கள் கடையில் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. ஓசூரிலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே இட்லிப் பானையை இறக்கிவிட்டுக் கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "நீ வை" என்றாள். நான் மாட்டேன் என்று அடம் பிடித்தேன். கத்தினேன். "அந்தக் கங்கப்பன் சொல்லித்தான் ஒனக்குக் கை வந்துச்சா? அவன் சொன்னது பொய்யின்னா, ஒங்க மாமியா சொன்னது மட்டும் நெசமாயிருமா?" என்று கேட்டேன். அவள் கரண்டியை நீட்டிக்கொண்டே நின்றாள். பச்சைச் சேலையைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு தடவை என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று கடை முடிந்து சாயங்காலம் பெங்களூர் போனேன், விடியும்போதே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு. திரும்பி வருகிற பஸ் அத்திப்பள்ளிக்கு முன்னாலேயே பஞ்சராகி நின்றுவிட்டது. நடையும் ஓட்டமுமாக வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. கொட்டகைக்கு வெளியே ஒரே கூச்சல். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, டிரைவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் இலையிலும் எதுவும் இல்லை. இட்லித் தட்டுகள் இறக்கி வைத்தபடி இருக்கின்றன. பவுலினா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு அடுப்போரம் நிற்கிறாள்.

முதல் இலையில் சென்னகிருஷ்ணன். "அக்கா, ஆகலி அக்கா, நுவ்வே பெட்டு!" என்று கெஞ்சுகிறான். பசிக்குதுக்கா, நீயே வை.

"கொஞ்சம் இருப்பா. அவ வந்துருவா" என்கிறாள் இவள், தெலுங்கில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பையை வீசினேன். "ஏண்டி, நான் வரலேன்னா இவங்கள பட்டினி போட்டுக் கொன்னுருவியா? இட்லி கல்லா ஆறிப் போச்சே!" என்று கத்தினேன்.

பவுலினா என் பக்கத்தில் வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"ஆறினா ஆறட்டும் ஜெபா. வண்டி ஓட்டிக்கினு போறவங்க. எல்லாரும் ஊடு போய்ச் சேரணும்டி."

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து முதல் இட்லியை வைத்தேன்.